பூனைக்கும் அணிலுக்கும் நடுவே ஒரு தட்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



லாரித் தண்ணீர்க் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் அஜெண்டாவில் இருக்கும்போது, பூனையையும் அணிலையும் பற்றிப் பேச ஒருவர் எழுந்து நிற்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் சென்ற கூட்டத்துக்குப் பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை வந்தது தண்ணீருக்காக இல்லை. பின்பக்கத் தோட்டத்தில், பறவைகளுக்குத் தீனி வைக்கும் இடத்தில், பூனை ஓர் அணிலைக் கவ்விக்கொண்டு போனதற்காகத்தான். "பூனைகளைப் பிடித்துக் கோணியில் போட்டு எங்காவது விட்டுவிட்டு வரவேண்டும்" என்று ஒரு தரப்பு. "பூனை மேல் கை வைத்தால் போலீஸுக்குப் போவோம்" என்று இன்னொரு தரப்பு. "அணில்தான் கொசுவலையைக் குதறுகிறது, போனால் போகட்டும்" என்று மூன்றாவது தரப்பு. பல வருடமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அதனால்தான் செயலாளரிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பூனையும் அணிலும் அதனதன் சுபாவப்படி நடந்துகொள்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது நாம் வைக்கிற தட்டு. அந்தத் தட்டை எங்கே வைக்கிறோம், எப்போது வைக்கிறோம், எவ்வளவு வைக்கிறோம் என்ற மூன்றையும் ஒழுங்கு செய்தால், இந்தச் சண்டையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

முதலில் நம் பழைய வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். காக்கைக்குச் சோறு வைப்பது நமக்குப் புதிதா என்ன? அமாவாசை அன்று மட்டுமில்லை, பல வீடுகளில் தினமும் உண்டு. சமையல் முடிந்ததும் ஒரு பிடி சோற்றைக் கொண்டுபோய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிடுவார்கள். காக்கை வரும், கொத்தும், போகும். கொஞ்ச நேரத்தில் சுவர் காலி. இடம் உயரமானது, அளவு ஒரு பிடி, நேரம் பகல், மீதி என்று எதுவும் கிடையாது. யாரும் சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளேயே ஓர் ஒழுங்கு இருந்தது.

இப்போது நாம் செய்வது என்ன? ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் தீனிக்கூண்டு வாங்கி, அதில் ஒரு கிலோ கம்பையோ தினையையோ கொட்டி, மரக்கிளையில் மாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அது நாள் முழுக்க, ராத்திரி முழுக்கத் தொங்குகிறது. குருவி ஒரு மணியைத் தின்றால் நாலு மணி கீழே சிந்துகிறது. சிந்தியதைப் பொறுக்க முதலில் புறா வருகிறது. அப்புறம் அணில். அணிலுக்குக் கூண்டின் மேலே ஏறவும் தெரியும், கீழே இறங்கிப் பொறுக்கவும் தெரியும். இருட்டியதும் எலி வருகிறது. எலி வந்த இடத்துக்குப் பூனை வராமல் இருக்குமா? பூனை முதலில் எலிக்காகத்தான் வந்திருக்கும். விடியற்காலையில் அதே இடத்தில் அணில் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தால், அதற்கு எலியும் ஒன்றுதான், அணிலும் ஒன்றுதான்.

அணில் பகலில் மட்டும் நடமாடுகிற பிராணி. பூனை அதிகமாக வேட்டையாடுவது விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும். இரண்டும் சந்திக்கிற நேரம் இந்த இரண்டு வேளைதான். நம்மில் பலர் வாக்கிங் போகும்போது தீனி போடுவதும் சரியாக அந்த இரண்டு வேளைதான்!

அடுத்து இடம். பூனை நாயைப் போலத் துரத்திப் பிடிப்பதில்லை. பதுங்கி, கிட்டே வந்து, ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். அதற்குப் பதுங்க ஒரு மறைவு வேண்டும். நம் தீனிக்கூண்டு இருக்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள். ஒருபக்கம் குரோட்டன்ஸ் வரிசை, மறுபக்கம் பழைய பூந்தொட்டிகள், பின்னால் உடைந்த நாற்காலி. பூனைக்கு இதைவிட வசதியான இடத்தை யாராலும் அமைத்துத் தர முடியாது. அணில் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கும்போது அதன் கவனம் தீனியில் இருக்கும். மரத்தில் இருந்தால் அது பூனையைத் தூரத்திலேயே பார்த்துவிடும். வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு விடாமல் கத்துமே, அதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் மைனாவும் குருவியும்கூட உஷாராகிவிடும். மேலே இருக்கும்வரை அணில் நம் தோட்டத்துக்குக் காவல்காரன். கீழே இறங்க வைத்தது நாம் சிந்தவிட்ட தானியம்.

"வயிறாரச் சோறு போட்டால் பூனை வேட்டையாடாது" என்று சிலர் சொல்கிறார்கள். பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசைகிற எதையும் பாயத்தான் செய்யும். அதனால் பூனைக்குச் சோறு போடுவதால் மட்டும் அணில் தப்பிவிடாது. ஆனால் என்ன போடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தார் வீட்டுப் பூனைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டார்கள். இறைச்சிப் புரதம் அதிகமுள்ள தீனி கொடுத்தபோது, பூனைகள் பிடித்துக்கொண்டு வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் அதனோடு விளையாடியபோது 25 சதவீதம் குறைந்தது. பூனை அடிப்படையில் மாமிசப் பிராணி. நாம் அதற்குத் தயிர்சாதமும் பாலும் வைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை. பூனை வளர்க்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கட்டியே பார்த்துவிட்டார்கள். மணியால் குறிப்பிடும்படியான பலன் எதுவும் தெரியவில்லை! பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டை கழுத்தில் போட்டபோது பறவைகள் பிடிபடுவது 42 சதவீதம் குறைந்தது. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும். ஆனால் எலி, அணில் போன்ற பிராணிகள் விஷயத்தில் அந்தப் பட்டையால் பலன் கிடைக்கவில்லை. ஆகவே நம் அணிலுக்கு மணியும் உதவாது, பட்டையும் உதவாது. தட்டை மாற்றினால்தான் உதவும்.

பூனை விஷயத்தைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் பூனைகளால் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகளும், 630 கோடியிலிருந்து 2,230 கோடிச் சிறு பாலூட்டிகளும் சாகின்றன. அதில் பெரும்பங்கு வீட்டுப் பூனைகளால் இல்லை, சொந்தக்காரர் இல்லாத பூனைகளால். நம் காம்பவுண்டுக்குள் திரிகிறவையும் பெரும்பாலும் அந்த வகைதான்.

அப்படியென்றால் பிடித்துக்கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். இரண்டு காரணத்தால் கூடாது.

முதல் காரணம், அது பலிக்காது. தீனி இருக்கிறது, எலி இருக்கிறது, கார் பார்க்கிங்கில் ஒதுங்க இடம் இருக்கிறது. இருக்கிற பூனையைக் கொண்டுபோய் விட்டால், காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருப் பூனை வந்து சேரும். வாடகைக்கு இருந்தவர் காலி செய்தால் வீடு சும்மாவா கிடக்கும்?

இரண்டாவது காரணம், சட்டம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பசி தாகத்தால் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கொண்டுபோய்க் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. விஷம் வைப்பது இன்னும் பெரிய குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி, பிராணியைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் முடமாக்குவதற்கும் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. கோபத்தில் வாட்ஸ்அப்பில் எழுதுகிற வார்த்தைக்கும் ஒரு பதிவு இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

விஷம் என்று சொல்லும்போது எலி மருந்தையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் எலி அதிகம் என்று திறந்தவெளியில் மருந்து வில்லைகளைப் போடுகிறோம். அதை அணிலும் தின்னும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனையும் நோய்ப்படும். இப்படிச் சங்கிலியைப் பின்னோக்கிப் பாருங்கள். பூனை செத்தது எலி மருந்தால், எலி மருந்து வந்தது எலியால், எலி வந்தது சிந்திய தானியத்தால், தானியம் வந்தது குருவிக்கு நல்லது செய்ய நினைத்த நம் கையால்.

அந்தக் குருவிக்காவது தானியம் முழுதாகப் பயன்படுகிறதா? மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் வந்தால் நாமெல்லோரும் தானியம் வாங்குகிறோம். பெரிய குருவி தானியம் தின்னும், சரி. குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சி. செடிக்கு மருந்து அடித்துப் பூச்சியை ஒழித்துவிட்டு, பக்கத்தில் தானியக் கூண்டைத் தொங்கவிட்டால் குருவி எப்படிப் பெருகும்? மருந்து அடிக்காத நாலு செடி, ஒரு கிலோ கம்பைவிட அதிகம் செய்யும்.

அணிலை முழுக்க அப்பாவி என்றும் நான் சொல்லவில்லை. ராமர் தடவிய மூன்று கோடு முதுகில் இருப்பதாகச் சொல்லி நாம் அதைச் செல்லமாகப் பார்க்கிறோம். சமயம் கிடைத்தால் அது பறவை முட்டையையும் தின்னும். ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் தேங்காய் நாரும் பஞ்சும் கொண்டு கூடு கட்டும். கொசுவலையை, ஒயரைக் கடிக்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தே ஆகவேண்டும். நைலான் வலைக்குப் பதிலாக ஸ்டீல் வலை போட்டால் அந்தத் தொல்லை தீரும். அதற்காகப் பூனையை ஏவ வேண்டியதில்லை.

சரி, என்ன செய்யலாம்? நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கும் உங்கள் பரிசீலனைக்கும் சில யோசனைகளை வைக்கிறேன்.

1. நேரம். பறவைத் தீனி காலை எட்டு மணிக்கு வைத்து, பத்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும். விடியற்காலையிலும் மாலையிலும் வேண்டாம். ராத்திரி எந்தக் கூண்டிலும் தீனி இருக்கக்கூடாது. ராயப்பேட்டையில் ஒருவர் தன் வீட்டு மொட்டைமாடியில் ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் பல வருடம் தீனி வைத்தது நம் எல்லோருக்கும் தெரியும். ஊறவைத்த அரிசியைப் பலகைகளில் வரிசையாக வைப்பார், காலையும் மாலையும் வேளை தவறாமல். இடம் மொட்டைமாடி, நேரம் குறித்த நேரம். அத்தனை கிளிக்கு முடிந்தது நம் பத்துக் குருவிக்கு முடியாதா?

2. அளவு. ஒரு பிடி. இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவு. மீதமிருந்தால் மறுநாள் பாதியாகக் குறைக்கவும். கீழே சிந்தியதைப் போட்டவரே கூட்டி எடுக்க வேண்டும். அதை ஹவுஸ்கீப்பிங் பெண்களின் தலையில் கட்டக்கூடாது.

3. இடம். கூண்டை மரக்கிளையிலிருந்து எடுத்து, வெட்டவெளியில் ஓர் இரும்புக் குழாய்க் கம்பத்தில் மாட்டலாம். சுற்றிலும் குறைந்தது இரண்டு மீட்டருக்குச் செடியோ தொட்டியோ இருக்கக்கூடாது. தென்னை மரத்தில் எலி ஏறாமலிருக்கத் தகரம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். கூண்டுக்குக் கீழே கம்பத்தில் புனல் மாதிரி ஒரு தகரத்தைக் கவிழ்த்து மாட்டினால், பூனையும் ஏறாது, அணிலும் ஏறாது. கூண்டுக்கு அடியில் அகலமான ஒரு தட்டு வைத்தால் தானியம் தரையில் சிந்தாது.

4. அணிலுக்குத் தனிப் பங்கு. ஆறடிக்கு மேல், வேப்பமரத்துக் கிளையில் ஒரு கொட்டாங்குச்சியைக் கட்டி, உப்பில்லாத பச்சை வேர்க்கடலை நாலைந்தும் ஒரு துண்டுப் பழமும் வைத்தால் போதும். அது தரைக்கு இறங்க வேண்டியதில்லை. தினமும் வைத்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. மரத்திலேயே அதற்கு நிறைய இருக்கிறது.

5. பூனைக்குத் தனி இடம். தோட்டத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரே இடம், ஒரே நேரம். சாப்பிட்டதும் பாத்திரத்தை எடுத்துவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகள், சொந்தக்காரர் இல்லாத பிராணிகளுக்கு உணவு வைக்க ஏற்பாடு செய்வதைக் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் இவற்றைத் தவிர்த்து, எல்லோரும் பேசி ஒப்புக்கொண்ட இடமாக இருக்கவேண்டும் என்றும் சொல்கின்றன. 'பி' பிளாக் மாடிப்படியில் பால் கிண்ணம் வைப்பவர்களும், அதை எட்டி உதைப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. கருத்தடை. இதுதான் நிரந்தரத் தீர்வு. ஒரு பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வைத்தால் ஒரே வருடத்தில் எட்டு. அதில் பாதி பெண் என்றால் அடுத்த வருடக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கூட்டுவட்டி மாதிரி ஏறும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பிலும் கேட்டு, செலவு விவரத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த பூனைக்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். அதைத் திரும்ப இங்கேயே கொண்டுவந்து விட வேண்டும். அது தன் இடத்தைக் காத்துக்கொள்ளும், குட்டியும் போடாது, எலியும் பிடிக்கும்.

7. தண்ணீர். கோடையில் மண் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது நல்ல காரியம். ஆனால் தினமும் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால் டெங்குக் கொசு வளர்க்கிறோம் என்று அர்த்தம்.

அவசரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். கூட்டிலிருந்து அணில் குஞ்சு விழுந்து கிடந்தால், பசும்பால் ஊற்றாதீர்கள். துணி விரித்த ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, விழுந்த மரத்திலேயே பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள். பெரும்பாலும் தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். அதுவரை பூனை வராமல் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். பூனை கவ்விய அணிலோ குருவியோ உயிரோடு கிடைத்தால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி ஓரிரு நாளில் அதைக் கொன்றுவிடும்.

இன்னொன்று மனிதர்களுக்கு. சண்டையை விலக்கப் போய்ப் பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக்கூடாது. குழந்தைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். கடித்தால் திட்டுவார்கள் என்று பயந்து குழந்தைகள் மறைத்துவிடும்.

இத்தனையும் செய்தால் பூனை அணிலையே பிடிக்காதா? பிடிக்கும், எப்போதாவது. வல்லூறும் பிடிக்கும், காக்கையும் குஞ்சைத் தூக்கும். மரம் இருக்கிற இடத்தில் அதெல்லாம் நடக்கும். தானாக நடப்பதை நாம் நிறுத்த முடியாது. நாம் தட்டு வைத்து வரவழைத்து நடத்துவதை நிறுத்த முடியும். நம் பொறுப்பு அந்த அளவுதான்.

கடைசியாக ஒன்று. பூனைக்குச் சோறு வைக்கிறவரும் குருவிக்குத் தானியம் வைக்கிறவரும் உண்மையில் ஒரே மனசுக்காரர்கள். வாயில்லாத ஜீவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள். நம் குடியிருப்பில் ஒருவரோடு ஒருவர் முதலில் சேர வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள்தான் இன்று இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர் வாருங்கள். செயலாளரும் இருக்கட்டும். தோட்டத்தைச் சுற்றி நடந்து, கம்பம் எங்கே, பூனைத் தட்டு எங்கே என்று சுண்ணாம்பில் குறித்துவிடுவோம். அரைமணி நேர வேலை. குறித்த பிறகு ஒரு மாதம் வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி யாரும் எழுத வேண்டாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.